கொள்ளுக்குத் தெரிந்த சர்க்கரை

இரவு 11.30 மணி இருக்கும். பிரசவ வார்டிலிருந்து வந்த சாம்பிளைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து, டியூபை விளக்குக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் தட்டினேன். அடியில் படிந்திருந்த சிவப்புப் பொட்டு கலைந்து புகைபோல மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஒரே கட்டியாகப் பெயர்ந்து தெளிந்த நீரில் மிதந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். மறுபடியும் கட்டி.

அந்த டியூபில் இருந்தது ஓ செல்.

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குரூப்பை நாங்கள் இரண்டு பக்கமிருந்தும் பார்ப்போம். நோயாளியின் சிவப்பணுவை எடுத்து, ஏ செல்லைத் திரள வைக்கும் ஆன்டி-ஏ, பி செல்லைத் திரள வைக்கும் ஆன்டி-பி இரண்டையும் விட்டுப் பார்ப்பது ஒரு பக்கம். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரை எடுத்து, குரூப் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் மூன்றோடும் தனித்தனியாகக் கலந்து பார்ப்பது மறுபக்கம். இரண்டாவதை ரிவர்ஸ் குரூப்பிங் என்போம். ஓ குரூப்காரரின் சீரம் ஏ செல்லையும் பி செல்லையும் திரள வைக்கும். ஓ செல்லைத் தொடாது. ஓ செல்லில் சண்டை போடுவதற்கு ஒன்றுமே இல்லை என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம்.

அந்தப் பெண்ணின் கையில் இருந்த அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தது. எங்கேயோ ஒரு லேபில் ஸ்லைடில் முன்பக்கம் மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பிரசவம். ஹீமோகுளோபின் 7.2. சிசேரியன் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜில் ஓ பாசிட்டிவ் ஒன்பது பை இருந்தது. ஒன்றுவிடாமல், பையின் செல்லை அவருடைய சீரத்தோடு கலந்து கிராஸ் மேட்ச் போட்டேன். ஒன்பதும் திரண்டது. அவருடைய சீரத்தை அவருடைய சொந்தச் செல்லோடு கலந்தபோது மட்டும் திரளவில்லை. கடைசியாக, ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்திருந்த ஆன்டி-எச் பாட்டிலை எடுத்து அவருடைய செல்லில் ஒரு சொட்டு விட்டேன். வேறு எந்த ஓ செல்லாக இருந்தாலும் அந்த நொடியே திரண்டிருக்கும். இவருடையது பால்போல வழுவழுவென்று அப்படியே இருந்தது.

பம்பாய் குரூப்.

வெளியே பெஞ்சில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி இதுதான்: “ஓ குரூப்பு ரத்தம் எல்லார்த்துக்கும் ஒத்துப்போகும்னு சொல்லுவாங்களே அம்மிணி, எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?” அந்த நேரத்தில் என்னால் ஒரு வரிதான் சொல்ல முடிந்தது. “அவுங்க ரத்தத்துல ஒரு சின்னச் சர்க்கரை இல்லீங்கம்மா.” சுகர் வியாதியா என்று பதறிவிட்டார். இல்லை என்று சமாதானப்படுத்திவிட்டு உள்ளே வந்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தில் சர்க்கரை என்றாலே நமக்குக் குளுக்கோஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலும் சர்க்கரைகள் பாசிமணி கோத்ததுபோலச் சரம் சரமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிவப்பணுவில் அப்படி ஒரு சரத்தின் நுனியில் காலக்டோஸ் என்ற மணி இருக்கிறது. அதன்மேல் ஃப்யூகோஸ் என்ற சின்ன மணி ஒன்று ஒட்டினால் அந்த அமைப்புக்கு எச் என்று பெயர். அதே காலக்டோஸின் இன்னொரு கையில் இரண்டாவது காலக்டோஸ் ஒட்டினால் அவர் பி குரூப். அங்கே என்-அசிட்டைல் காலக்டோசமைன் ஒட்டினால் ஏ குரூப். இரண்டும் ஒட்டினால் ஏபி. எதுவும் ஒட்டாமல் எச் ஆகவே நின்றுவிட்டால் ஓ. ஆக ஓ செல் மொட்டையானது இல்லை. அதன் தலையில் ஃப்யூகோஸ் இருக்கிறது.

ஏ மணிக்கும் பி மணிக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் நம்பவில்லை. வளையம் ஒன்றேதான். இரண்டாவது கார்பனில் பி மணிக்கு ஹைட்ராக்சில் என்ற அணுக்கொத்து, ஏ மணிக்கு அசிட்டமிடோ என்ற அணுக்கொத்து. கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில அணுக்கள். அந்தச் சில அணுக்களைப் பார்த்துத்தான் ஆன்டி-ஏ ஒரு செல்லைப் பிடிக்கிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது. மணியைக் கோக்கிற என்சைமின் நீளம் 354 அமினோ அமிலங்கள். ஏ-யைக் கோப்பதற்கும் பி-யைக் கோப்பதற்கும் அதில் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்தான் வேறு. இதை 1990-இல் யமமோட்டோவும் ஹகொமோரியின் குழுவும் கண்டு சொன்னார்கள். ஓ குரூப்காரர்களில் பெரும்பாலோருக்கு அதே ஜீனில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருக்கும். அதனால் என்சைம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் வியன்னாவில் ரத்த குரூப்புகளைக் கண்டுபிடித்து 1901-இல் எழுதிவிட்டார். ஆனால் திரள வைப்பது ஒரு சர்க்கரை என்று தெரிய அரை நூற்றாண்டு ஆனது. லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வால்டர் மார்கனும் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் 1952-இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விலாங்கு மீனின் சீரத்துக்கு ஓ செல்லைத் திரள வைக்கும் குணம் உண்டு. அந்தச் சீரத்தில் முன்கூட்டியே ஒவ்வொரு சர்க்கரையாகக் கரைத்துவிட்டு, பிறகு ஓ செல்லைப் போட்டுப் பார்த்தார்கள். மற்றவற்றால் ஒன்றும் ஆகவில்லை. ஃப்யூகோஸைக் கரைத்தபோது மட்டும் செல் திரளவில்லை. சீரத்தில் உள்ள புரதத்தின் கைகள் எல்லாம் ஏற்கெனவே ஃப்யூகோஸைப் பிடித்துக்கொண்டு நிறைந்துவிட்டன, செல்லைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், டியூபைத் தட்டிப் பார்த்தே ஒரு மூலக்கூறின் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டில்தான் பம்பாயிலிருந்து ஒய். எம். பெண்டே குழுவினர் எந்த ஓ ரத்தமும் சேராத அந்தப் புதிய குரூப்பைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் மார்கன், வாட்கின்ஸ் பெயர்களும் இருக்கின்றன.

பம்பாய் குரூப்காரர்களுக்கு அந்த ஃப்யூகோஸை ஒட்டுகிற என்சைம் வேலை செய்வதில்லை. எச் இல்லை. எச் இல்லாததால், ஏ ஜீனோ பி ஜீனோ இருந்தாலும் அவற்றுக்கு ஒட்ட இடமில்லை. முன்பக்கம் மட்டும் பார்த்தால் அச்சு அசலாக ஓ போலவே தெரியும். நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார். ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர் என்பார்கள். இந்த எண்களைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு நாட்டில் ரிவர்ஸ் குரூப்பிங் போடாமல் யாருக்கும் அட்டை எழுதிக் கொடுக்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

புரதம் ஒன்று சர்க்கரையை அடையாளம் காண்பதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது கொள்ளில். பயிற்சிக் காலத்தில் எங்கள் லேபில் சீனியராக இருந்த அக்கா ஒருநாள் டிபன் பாக்ஸில் ஒரு கைப்பிடி கொள்ளு கொண்டுவந்தார். சுண்டலா என்று கேட்டேன். “பச்சைக் கொள்ளும்மா, இதுதான் இன்னிக்கு நம்ம ரீஏஜென்ட்” என்றார். மிக்ஸியில் அரைத்த பொடியைச் சலைனில் கரைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் சென்ட்ரிஃப்யூஜில் போட்டு எடுத்தபோது மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நின்றது. பக்கத்தில் போனால் எங்கள் வீட்டு மாட்டுத்தொட்டி வாசனை. வெள்ளை டைலில் ஏ செல் ஒரு சொட்டு, அதன்மேல் கொள்ளுத் தண்ணீர் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி டைலை இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஒரு நிமிஷத்துக்குள் சிவப்பு மணல்போலப் பொரிந்து, பிறகு திட்டுத் திட்டாகக் கூடிவிட்டது. பக்கத்துக் குழியில் பி செல்லிலும் அதே கொள்ளுத் தண்ணீரை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஊரில் வாரம் இரண்டு நாள் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பாட்டி சொல்லிக் கேட்டதோடு சரி. என்-அசிட்டைல் காலக்டோசமைன் எது, காலக்டோஸ் எது என்று கொள்ளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. கொள்ளின் இந்தக் குணத்தை ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் 1951-இல் பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். இன்றைக்கும் உலகெங்கும் ரத்த வங்கிகளில் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகளைப் பிரிக்க இதே கொள்ளுப் புரதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏ2 செல்லில் ஏ மணிகள் குறைவு. கொள்ளுத் தண்ணீரைச் சரியான அளவுக்கு நீர்த்துவிட்டால், நிறைய மணி உள்ள ஏ1 மட்டும் திரளும். (வேகவைத்தால் இந்தப் புரதம் குலைந்துபோகும். வீட்டில் கொள்ளு சமைக்கிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.)

இப்படிச் சர்க்கரையைத் தேர்ந்து பிடிக்கிற புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். ‘தேர்ந்தெடு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1954-இல் வில்லியம் பாய்டு வைத்த பெயர். முதலில் அகப்பட்டது ஆமணக்கு விதையில். 1888-இல், இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில், பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் எழுதினார். நான் அன்று இரவு எடுத்த ஆன்டி-எச் பாட்டிலும் ஒரு செடியின் சரக்குதான். ஊட்டிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் முள்ளும் மஞ்சள் பூவுமாகப் புல்வெளியில் மண்டிக் கிடக்கும் கார்ஸ் புதர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்து சேர்ந்து, சோலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் செடி. அதன் விதையில் உள்ள லெக்டின் ஃப்யூகோஸைப் பிடிக்கும்.

செடிகளைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. கொள்ளு எந்தச் சிக்கலைத் தீர்த்ததோ, அதே சிக்கலை நம் உடம்பின் காவல் புரதங்களும் தீர்த்தாக வேண்டும். சர்க்கரையைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. சர்க்கரைக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதன் ஒவ்வொரு ஹைட்ராக்சிலும் சுற்றிலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. புரதம் வந்து பிடிக்க வேண்டுமென்றால், அந்தத் தண்ணீரை விலக்கி, தண்ணீர் கொடுத்த அதே பிடிமானத்தைத் தானும் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் லாபம் சொற்பம். அதனால் ஒரு புரதக் கைக்கும் ஒரு சர்க்கரைக்கும் நடுவே உள்ள பிடி எப்போதும் தளர்வானது. பிடித்த வேகத்தில் நழுவும்.

இதைச் சமாளிக்கப் புரதங்கள் கையாளும் வழிகளில் ஒன்று, சர்க்கரை வளையத்தின் தட்டையான முகத்தைத் தாங்குவது. டிரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலத்தின் தட்டையான வளையம், கல்லில் தோசை படிவதுபோல அதற்குக் கீழே படிந்து நிற்கும். இன்னொரு வழி கால்சியம். நம் ரத்தத்தில், மேன்னோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் மேன்னோஸ் பிணைப்பு லெக்டின் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கைக்குழியில் ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கும். மேன்னோஸில் மூன்றாம், நான்காம் கார்பன்களின் ஹைட்ராக்சில்கள் வளையத்தின் தளத்திலேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கால்சியம் அந்த இரண்டையும் சேர்த்து இடுக்கிபோலப் பற்றிக்கொள்கிறது. காலக்டோஸுக்கு நான்காவது ஹைட்ராக்சில் மேல்நோக்கி நிற்கிறது. இடுக்கி பொருந்தாது. ஒரே ஒரு ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது இத்தனையும். 1992-இல் கர்ட் ட்ரிக்காமர் அந்தக் கைக்குழியில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிவைத்தார். புரதம் மேன்னோஸைவிடக் காலக்டோஸை விரும்ப ஆரம்பித்துவிட்டது.

மேன்னோஸுக்கு ஏன் காவல்? ஈஸ்ட்டும் பல பாக்டீரியாக்களும் தங்கள் மேற்புறத்தில் மேன்னோஸும் அதைப் போன்ற சர்க்கரைகளும் வெளியே தெரியும்படி வைத்திருக்கின்றன. நம் செல்களின் சரங்கள் பெரும்பாலும் காலக்டோஸிலோ சயாலிக் அமிலத்திலோ முடிகின்றன. நுனி மணியைத் தொட்டுப் பார்த்தாலே நம்மாளா வெளியாளா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான், ஏனென்றால் நம் செல்களிலும் அங்கங்கே மேன்னோஸ் நுனிகள் உண்டு. அங்கேதான் அந்தத் தளர்ந்த பிடியின் அருமை தெரிகிறது. இந்த லெக்டினில் மூன்று தலைகள் ஒரு கொத்தாக இருக்கும்; தலைக்குத் தலை சுமார் 4.5 நானோமீட்டர் இடைவெளி. அப்படிப் பல கொத்துகள் பூங்கொத்துபோலச் சேர்ந்து ஒரு மூலக்கூறு. ஒரு தலை மட்டும் பிடித்தால் நழுவிவிடும். நம் செல்லில் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும் மேன்னோஸில் எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் உட்கார முடியாது. ஈஸ்ட்டின் சுவர் முழுக்க மேன்னோஸ். எல்லாத் தலைகளும் ஒருசேரப் பதிகின்றன. பிடி இறுகுகிறது. கூடவே வரும் என்சைம் விழித்துக்கொண்டு காம்ப்ளிமென்ட் என்ற அழிப்பு வரிசையைத் தொடங்கிவைக்கிறது. பிடி முதலிலேயே பலமாக இருந்திருந்தால் நம் செல்களையும் விட்டுவைத்திருக்காது.

1968-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஓயாமல் தொற்று. அவளுடைய சீரத்தில் ஊறவைத்த ரொட்டி ஈஸ்ட்டை வெள்ளையணுக்கள் விழுங்கவே இல்லை. மற்றவர்களின் சீரத்தில் ஊறிய ஈஸ்ட்டை விழுங்கின. இப்படி, வெள்ளையணு விழுங்குவதற்கேற்ற மேல்பூச்சை ஈஸ்ட்டுக்குப் பூசத் தெரியாத சீரங்களில் குறைவது இந்த லெக்டின்தான் என்று 1989-இல் தெரிந்தது. இது குறைவாக இருந்தும் நல்லபடியாக வாழ்கிறவர்கள் ஏராளம். மற்ற காவல்கள் பார்த்துக்கொள்கின்றன. கைக்குழந்தைகளுக்கு, தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தீர்ந்து சொந்த ஆன்டிபாடி முழுதாக வராத இடைவெளியில், இது முக்கியமாகிறது.

அந்த அம்மாவின் மகளுக்கு வருகிறேன். அவர் இதுவரை யாரிடமும் ரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை. பிறகு ஓ செல்லுக்கு எதிரான ஆன்டிபாடி அவருக்கு எங்கிருந்து வந்தது? குடலில் இருக்கும் பாக்டீரியாக்களிடமிருந்து. அவற்றின் சர்க்கரைச் சரங்கள் பல, நம் ஏ, பி, எச் மணிகளைப் போலவே இருக்கும். 1959-இல் கியோர்க் ஸ்ப்ரிங்கர் கிருமியே இல்லாத சூழலில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார். சாதாரணமாக வளரும் குஞ்சுகளின் சீரத்தில் தானாக உண்டாகும் ஆன்டி-பி, இவற்றில் உண்டாகவில்லை. பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக ஆன்டி-ஏ, ஆன்டி-பி இருக்காது; குடலில் பாக்டீரியா குடியேறி, மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் தலைகாட்டும். தன் செல்லில் இருக்கும் மணிக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்யாது. பம்பாய் குரூப்காரரின் சிவப்பணுவில் ஏ, பி, எச் மூன்றுமே கிடையாது. அதனால் மூன்றுக்கும் எதிராகச் செய்துவிடுகிறது.

அந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை ஐஜிஎம் வகை. ஐந்து உருப்படிகள் சேர்ந்த ஒரு சக்கரம், பத்துக் கைகள். ஒரு சிவப்பணுவில் சுமார் 10 லட்சம் மணிகள். ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வு. ஆனால் ஒன்று நழுவும்போது மற்றவை பிடித்திருக்கும், நழுவியது திரும்பவும் பிடிக்கும். ஒரு கை இந்தச் செல்லை, ஒரு கை அந்தச் செல்லை. நான் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த கட்டி அதுதான். டியூபில் கட்டி. ரத்தக்குழாய்க்குள் நடந்தால் காம்ப்ளிமென்ட் சேர்ந்து செல்கள் உடைந்து, சிறுநீர் சிவந்து, சிறுநீரகம் போய்விடும். அட்டையில் இருந்ததை நம்பி ஒரு பை ஓ ரத்தத்தை ஏற்றியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஃப்யூகோஸ் பற்றிச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது. படித்த நாளிலிருந்து என்னை விடாமல் வைத்திருக்கும் கதை. 1992-இல் இஸ்ரேலில் ஆமோஸ் எட்ஸியோனி குழுவினர் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு அரபுக் குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு பேரின் பெற்றோரும் சொந்தத்தில் மணந்தவர்கள். பிள்ளைகளுக்கு வளர்ச்சி குன்றியிருந்தது, திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எக்கச்சக்கம். ஆனால் புண்ணில் சீழ் கட்டவில்லை. அதாவது படை ரத்தத்துக்குள் திரண்டு நிற்கிறது, சண்டை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு பேரின் ரத்தமும் பம்பாய் குரூப்.

சீழுக்கும் ரத்த குரூப்புக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளையணு ரத்தக்குழாயில் வேகமாக அடித்துக்கொண்டு போகும். பக்கத்துத் தசையில் கிருமி நுழைந்துவிட்டால், அந்த இடத்துக் குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். ஒரு வகை ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டு, நிமிஷக் கணக்கில் வெளியே வரும். இன்னொரு வகை புதிதாகச் செய்யப்பட்டு, சில மணி நேரத்தில் வரும். செலக்டினும் ஒரு லெக்டின்தான். அதன் கைக்குழியிலும் கால்சியம். அது தேடுவது வெள்ளையணுவின் மேல் இருக்கும் நான்கு மணிச் சரம் ஒன்றை. அந்தச் சரத்தில் கால்சியம் நேரடியாகப் பற்றுவது ஃப்யூகோஸை. பிடிக்கும், நழுவும், அடுத்ததைப் பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணு சுவரோரமாக உருள ஆரம்பித்து, வேகம் குறைந்து, நின்று, சுவரைத் துளைத்து வெளியேறும். இந்தப் பிடிக்கு வினோதமான குணம் ஒன்று இருப்பதை 2003-இல் அளந்து காட்டினார்கள். ஓரளவு வரை, இழுக்க இழுக்கப் பிடி அதிக நேரம் நீடிக்கும். ரத்த ஓட்டம் இழுத்துக்கொண்டே இருக்கிற இடத்தில் இப்படி ஒரு பிடி இருந்தால்தான் வேலைக்கு ஆகும்.

அந்தச் சிறுவர்களுக்கு ஃப்யூகோஸ் எங்குமே சரியாக ஒட்டவில்லை. சரங்களைக் கோக்கும் பட்டறை செல்லுக்குள் தனி அறையில் இருக்கிறது. அந்த அறைக்குள் ஃப்யூகோஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாசல் புரதத்தில் பழுது என்று 2001-இல் தெரிந்தது. சிவப்பணுவில் ஃப்யூகோஸ் இல்லாததால் பம்பாய் குரூப். வெள்ளையணுவில் இல்லாததால் சுவரில் உருள முடியவில்லை. நம் ஊர்ப் பம்பாய் குரூப்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவர்களுக்கு வாசல் நன்றாக இருக்கிறது; சிவப்பணுவில் ஒட்டும் ஓர் என்சைம் மட்டும் இல்லை. வெள்ளையணுவில் ஒட்டுவதற்கு வேறு என்சைம். இதை அந்த அம்மாவிடம் கட்டாயம் சொன்னேன். உங்கள் மகளுக்கு நோய் எதுவும் இல்லை, ரத்தம் தேவைப்படும்போது மட்டும்தான் ஜாக்கிரதை என்று.

ஜெர்மனியில் இதே கோளாறு உள்ள, துருக்கிய வம்சாவளிக் குழந்தை ஒன்றுக்குத் தார்ஸ்டன் மார்க்வார்ட் குழுவினர் ஃப்யூகோஸை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் எழுதினார்கள். வாசல் முழுவதும் அடைபடாமல் கொஞ்சம் திறந்திருந்த குழந்தை அது. வெளியே ஃப்யூகோஸ் குவிந்ததும் உள்ளே கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. வெள்ளையணுக்களில் செலக்டின் பிடிக்கும் சரங்கள் தோன்றின. ரத்தத்தில் தேங்கி நின்ற எண்ணிக்கை இறங்கியது. தொற்று நின்றது. இஸ்ரேல் சிறுவர்களுக்கு அதே மருந்து பலன் தரவில்லை, அவர்களுடைய பழுது வேறு விதம். ஒரு சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஒரு குழந்தையின் வெள்ளையணுக்களுக்கு வழி காட்ட முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அன்று இரவு பிரசவ வார்டில் அவசரம் எதுவும் வரவில்லை. காலை வரை தள்ளிப்போட முடிந்தது. நான் அந்த அம்மாவிடம், மகளுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்த அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். அதே குறையுள்ள ஜீன் தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொன்று இருந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. “ஒரு பையன் இருக்கறானுங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனில” என்றார். போன் போட்டார்கள். முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். இருபத்துமூன்று வயது, கண் சிவந்திருந்தது, சட்டையில் நூல் தூசி.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து டைலில் விட்டேன். பக்கத்துக் குழியில் ஒப்பிட்டுப் பார்க்க என் சொந்த ரத்தம், நான் ஓ. இரண்டிலும் ஆன்டி-எச் ஒவ்வொரு சொட்டு. டைலைச் சாய்த்தேன். என்னுடையது சட்டென்று மணல்போலப் பொரிந்தது. அவருடையதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. வழுவழுவென்று ஒரே சிவப்பாக இருந்தது.

டியூபிலும் போட்டு உறுதி செய்துகொண்டு, அக்காவின் சீரத்தோடு கிராஸ் மேட்ச் பார்த்தேன். திரளவில்லை. உடன்பிறந்தவர் ரத்தம் என்பதால், அதில் உள்ள வெள்ளையணுக்கள் அக்காவின் உடம்பில் அந்நியமாகத் தெரியாமல் தங்கிக் கேடு செய்யக்கூடும். கதிர்வீச்சு பாய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். அந்த வசதி உள்ள இடத்துக்குப் பையை அனுப்ப வண்டி ஏற்பாடு செய்தேன். தம்பி படுக்கையில் படுத்து, பந்தை அழுத்திக்கொண்டே, “அக்காவுக்கு இது ஒத்துக்குமுங்களா?” என்று கேட்டார். ஒத்துக்கும் என்றேன். பை நிரம்பியதும் லேபிள் எடுத்தேன். அச்சடித்த நான்கு குரூப்பில் எதையும் அடிக்கோடிட முடியாது. சிவப்பு மையில் பெரிதாக ஓ போட்டு, அதன் கால்மாட்டில் சின்னதாக எச் என்று எழுதினேன்.